ஏழாம் நம்பர்

சுத்தமல்லியில் தொடங்கி மணப்படைவீடு வரை
ஆற்றோரம் பதினோரு பம்ப் அறைகள்.
பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர்
இரவும் பகலும் அவற்றை வரிசையாய் விசாரிக்கும்.
ஒண்ணு, மோட்டார் ஓடுதா?
ஓடுது.
ரெண்டு, தொட்டியில் எவ்வளவு?
பாதிக்கு மேல.
ஏழிடம் கேட்டால் பதில் கிடையாது.
மூன்று நொடி நிற்கும், திரும்பக் கேட்கும்,
மூன்று நொடி, திரும்ப.
ஏழுக்கு இருபது கேள்விகள்.
கணக்குப் பார்த்தேன்: மூன்று நிமிஷம்.
அது வரைக்கும் எட்டும் ஒன்பதும் பத்தும் பதினொன்றும்
வாயில் பதிலை வைத்துக்கொண்டு நிற்கும்.

மூன்று நிமிஷத்தில் என்ன கெட்டுப்போகும் என்றார்கள்.
பத்தாம் நம்பர் தொட்டி வழிந்து
கீழே நின்ற ஆட்டோவுக்குள் இறங்கியது.
மைதீன் பிச்சை ஈர சீட்டைக் கழற்றிக்கொண்டுவந்து
என் மேசைமேல் வைத்தார்.

பழைய நிரலைத் திறந்தேன்.
எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியிருந்த குறிப்பு ஒன்று:
'ஏழு பேசாது. கேட்டு வைப்போம்.'

எந்த ஊர்க்காரரோ எழுதி
எடுத்துக்கொள் என்று விட்டுவைத்த நூலகம் அது.
கலைச்சொல் அகராதி அதை 'ஒத்திசையா' என்கிறது,
ஏதோ சுருதி தவறியதைப்போல.
விஷயம் இவ்வளவுதான்:
'காத்திரு' என்று எழுதினால்
காத்திருப்பது அந்த ஒரு வரி மட்டும்.
மற்றவை நடந்துகொண்டே இருக்கும்.
பதில் வரும்போது
விட்ட இடத்தில் வந்து பிடித்துக்கொள்ளும்.

முதல் ராத்திரி பதினொன்றையும் ஒரே மூச்சில் கேட்டேன்.
ஆற்றில் தண்ணீர்
அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து சென்டிமீட்டர் என்று
திரை சிவந்தது.
செல்வினைப் போனில் எழுப்பினேன்.
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்,
"எக்கா, கரண்டைக்கால் தண்ணிதான் கிடக்கு.
ஒரு கொக்கு நிக்கி."

மறந்துபோயிருந்தேன்.
உறைகிணறு மூன்றுக்கும், ஐந்து ஆறு ஏழுக்கு,
ஒரே கம்பி.
ஒரு கம்பியில் இரண்டு குரல் ஏறினால் இரண்டும் உடையும்,
உடைந்த துண்டுகள் சேர்ந்து
இல்லாத வெள்ளம் ஒன்றைச் சொல்லும்.
அதற்கொரு பூட்டு வைத்தேன்.
கம்பிக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்.
கம்பிக்கு வெளியே யார்பாட்டுக்கு அவரவர்.
இதை எழுத நாலு நாள் ஆனது,
இரண்டு முறை அழுதேன், ஒரு முறை பசியில்.

இப்போது ஏழு பேசாவிட்டாலும்
பத்து தன் தொட்டியைப் பற்றி உடனே சொல்லிவிடும்.
ஒப்பந்தத்தில் கேட்டது அவ்வளவுதான்.
பில் போட்டிருக்கலாம்.

சனிக்கிழமை செல்வின் பைக்கில் ஏறி
கருவேலம் முள் கிழிக்க ஏழுக்குப் போனோம்.
பெட்டிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது.
தட்டி எடுத்தோம். பேசவில்லை.
புது ஃபியூஸ். பேசவில்லை.
வெயிலில் குத்தவைத்து முனைகளைப் பார்த்தால்
நீலக் கம்பி வெள்ளையின் இடத்தில்,
வெள்ளை நீலத்தின் இடத்தில்.
மாட்டிய நாளிலிருந்தே
அது வாயால் கேட்டுக் காதால் பேசியிருக்கிறது.
திருகாணி இரண்டு. மாற்ற அரை நிமிஷம்.

போனில் பேராட்சி கத்தினாள்,
கட்டுப்பாட்டு அறையில் அன்றைக்கு அவள் முறை:
"ஏழு பச்சையாயிட்டு! ரெண்டு மீட்டர் பத்துங்குது!"
செல்வின் சட்டையைக் கழற்றி முகம் துடைத்தான்.
கிணற்றை எட்டிப் பார்த்தோம்.
இரண்டு மீட்டர் பத்து இருக்கும் போலத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அந்தக் குறிப்பை அழிக்கப் போனேன்.
'பேசாது' என்பதை மட்டும் எடுத்தேன்.
'கேட்டு வைப்போம்' இருக்கட்டும்.

புதன்கிழமை மூன்று ஊமையானது.
யாருக்கும் தெரியவில்லை,
திரையில் ஒரு சிவப்புப் புள்ளிக்கும் எனக்கும் தவிர.
ஊரில் குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன.